கைத்தொலைபேசியின் தளர்ச்சியும் அதன் பரிகாரமும்

நோயாளிக்கு மருந்து கொடுக்கப் புகுமுன் நோய் இன்னதென்று தெளிதல் வேண்டும். அந்நோய் எதனால் வந்ததென்று தேடுதல் வேண்டும். அதன்பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடுதல் வேண்டும். 'மருந்து' என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் வகுத்த முறை இதுவாகும். வைத்தியர்க்கு உரைத்த இம்முறை, கடிகாரம் திருத்துவோனுக்கும், படகின் இயந்திரம் பார்ப்போனுக்கும், மாணவன் பாடத்திற் பின்தங்கிய காரணத்தை ஆராயும் ஆசிரியனுக்கும் ஒருங்கே பொருந்துவதாம். ஆயினும், இன்று நம்மில் ஏறக்குறைய எல்லோருடைய சட்டைப்பையிலும் இடம்பெற்றுள்ள ஒரு பொருளைக் குறித்து மாத்திரம் இம்முறையை நாம் மறந்துவிடுகின்றோம். கைத்தொலைபேசி சிறிது தளர்ந்ததும், “பழையதாகிவிட்டது, புதியது வாங்கு” என்பதே நாம் அறிந்த ஒரே மருந்தாக இருக்கின்றது.

அம்மருந்து பலருக்கு எட்டாத விலையுடையது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலரின் விலை சில மாதங்களுக்குள் 360 ரூபாயை எட்டியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் எப்பொருளும் எளியோர் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றுவிட்டது. புதிய தொலைபேசி என்பது ஒரு கடற்றொழிலாளியின் குடும்பத்துக்குப் பல வாரங்களின் உழைப்பாகும். ஆகவே, பழைய தொலைபேசியின் தளர்ச்சிக்குக் காரணம் காணும் வழியை ஈண்டுச் சிறிது விளக்கமாகக் கூறுவாம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று பழைய மாணவ அன்பர்கள் நகைத்தல் கூடும். அவ்வேலை எம்மைத் தேடி வந்த வரலாற்றையே முதலிற் கூறுதல் முறையாகும்.

மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வழியிலே தாராபுரம் என்னும் கிராமம் உள்ளது. 2020 மார்ச்சு மாதத்திற் கொரோனா நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிற ஊர்களிற் போலவே அங்கும் பாடசாலை கைத்தொலைபேசிக்குட் குடிபுகுந்தது. பாடக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் ஆசிரியரின் குரற்பதிவுகளும் வட்ஸ்அப் வழியாகவே மாணவரைச் சென்றடைந்தன. பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்பும் அவ்வழக்கம் முற்றாக நீங்கவில்லை. அங்கே எம்மிடம் தமிழ் கற்ற, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமான மாணவி ஒருத்தியின் தாயார் ஒருநாள் எம்மைக் காண வந்தார். கையிலே ஒரு பழைய தொலைபேசி இருந்தது. அரபு நாட்டிலே தொழில் செய்த மாமன் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு கொடுத்தது அது.

“சேர், இது இனிச் சரிவராது என்று கடையிலே சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்குச் சோதனை வருகிறது. காப்பை ஈடு வைத்தாவது புதிது ஒன்று எடுக்க வேண்டும். எது நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

“மூன்று நாள் பொறுங்கள், காப்பு கையிலேயே இருக்கட்டும்” என்றோம். அம்மூன்று நாளில் நாம் செய்து பார்த்தவையும், அதனை முன்னிட்டு நாம் கற்றறிந்தவையுமே இக்கட்டுரையின் பொருளாவன.

தொலைபேசியின் தளர்ச்சி என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு நோயன்று. வெவ்வேறு காரணங்களால் எழும் நான்கு நோய்கள் அவ்வொரு பெயரால் வழங்குகின்றன. அலைத்தொடர்பின் குறை ஒன்று. களஞ்சியம் நிரம்பிவிடுதல் ஒன்று. செயலிகளின் பளு ஒன்று. மின்கலத்தின் மூப்பு ஒன்று. இவற்றுட் பணச்செலவின்றித் தீர்க்கத்தக்கவற்றை முன்னர் ஆராய்ந்து, செலவுள்ளதைப் பின்னர் ஆராய்தலே அறிவுடைமை.

முதலாவதாக அலைத்தொடர்பை நோக்குவாம். காணொளி தயங்கித் தயங்கி ஓடுவதும், இணையப் பக்கம் திறவாது நிற்பதும் தொலைபேசியின் குற்றமாக இராமல், அவ்விடத்துக்கு வரும் அலையின் வலுக்குறைவாக இருத்தல் கூடும். இதனை அறிவதற்கு எளிய வழி உண்டு. தொலைபேசியை 'விமானப் பயண நிலை'யில் வைத்து எல்லாத் தொடர்பையும் நிறுத்திவிட்டு, அதனுள்ளே உள்ள ஒரு நிழற்படத்தையோ பெயர்ப் பட்டியலையோ திறந்து பார்த்தல் வேண்டும். அவை விரைவாகத் திறக்குமாயின் தொலைபேசி நலமாகவே உள்ளது; குறை வெளியே உள்ளது. அவையும் தாமதிக்குமாயின் நோய் உள்ளேதான் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, களஞ்சியம் நிரம்புதல். நாம் எடுக்கும் படங்களும் நமக்கு வரும் காணொளிகளும் தங்கியிருக்கும் நினைவகம் எழுதும் முறை, சிலேற்றில் எழுதும் முறையைப் போன்றதன்று. சிலேற்றிலே ஒரு சொல்லை மாத்திரம் அழித்து அவ்விடத்தில் மற்றொரு சொல்லை எழுதலாம். இந்நினைவகத்திலோ ஒரு வரியை மட்டும் அழித்தல் இயலாது. பக்கங்கள் பல சேர்ந்த ஒரு பகுதி முழுவதையும் ஒருசேர அழித்தல் வேண்டும். அப்பகுதியிலே அழியாமற் காக்க வேண்டியவை இருப்பின், அவற்றை முதலில் வேறோர் வெற்றிடத்திற் பெயர்த்தெழுதிக்கொண்டு, அதன்பின் பழையதை அழித்து, அதன்பின்னரே புதியதை எழுதுதல் கூடும். வெற்றிடம் நிறைய உள்ளபோது இவ்வேலை நமது கண்ணுக்குப் புலனாகாது நிகழ்ந்துவிடும். இடம் இல்லாதபோதோ, பொருள்கள் நெருங்கிக் கிடக்கும் அறையில் ஒரு பெட்டியை எடுக்கப் பத்துப் பெட்டிகளை நகர்த்துவது போலத் தொலைபேசி திண்டாடுகின்றது. நாம் விசையைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்நேரம் பெட்டிகளை நகர்த்தும் நேரமேயாகும்.

இதற்குப் பரிகாரம் இடம் விடுதல். மொத்தக் கொள்ளளவிற் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் என்றும் வெறுமையாக இருத்தல் நன்று. 'அமைப்புகள்' என்னும் பகுதியிலே களஞ்சியத்தின் கணக்கைக் காணலாம். பெரும்பாலான வீடுகளில் அவ்விடத்தை விழுங்கியிருப்பவை, ஒரே காணொளி ஐந்து குழுக்களின் வழியே ஐந்து முறை வந்து தங்கியதும், நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களுமேயாம். வட்ஸ்அப் செயலியின் அமைப்பிலேயே, எவ்வுரையாடல் எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது என்ற கணக்கு உண்டு. அதனைக் கொண்டு பெரியவற்றை முதலில் நீக்குக. அத்துடன், படங்களும் காணொளிகளும் தாமாக இறங்கித் தங்கும் ஏற்பாட்டையும் நிறுத்திவிடுக. இன்றேல், இறைத்த கிணறு மறுபடியும் ஊறுவதுபோல ஒரு மாதத்தில் மீண்டும் நிரம்பிவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். அழித்தல் எளிது, அழித்ததை மீட்டல் அரிது. மேற்கூறிய தாயாரின் தொலைபேசியைத் துப்புரவு செய்யப் புகுந்தபோது, எதையெல்லாம் விட்டுவைக்க வேண்டும் என்று முதலிற் கேட்டோம். அவர் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். மங்கிய பழைய நிழற்படம் ஒன்றைத் தொலைபேசியாற் படம்பிடித்தது அது. 1990 ஒக்டோபர் இறுதியிலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தங்கள் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் மக்கள் படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்திற்கும் சென்றனர். அன்று அவருடைய தாயார் மடியிற் செருகிக் கொண்டுபோன படம் அது. புத்தளத்து ஓலைக் குடிலில் மழைநீர் பட்டு மூலப்படம் பின்னர் அழிந்துபோயிற்றாம். அழிவதற்கு முன் எடுத்த இப்பிரதி ஒன்றே எஞ்சியது. அது வேறெங்கும் இல்லை; வேகங்குன்றிய அந்தப் பழைய கருவியினுள்ளேதான் இருந்தது. ஆகவே, எதையும் நீக்குமுன், காக்க வேண்டியவற்றைக் கணினிக்கோ நினைவு அட்டைக்கோ படியெடுத்து, அப்படி திறந்து பார்க்கத்தக்கதாக உள்ளதா என்று கண்ணாற் கண்டபின்னரே மேற்செல்லுதல் வேண்டும். ஒன்றுக்கு இரண்டு படிகள் வெவ்வேறிடத்தில் இருப்பின் இன்னும் நன்று.

மூன்றாவது, செயலிகளின் பளு. களஞ்சியத்தை அலுமாரி என்று கொண்டால், தொலைபேசி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்கால நினைவகத்தை மேசை என்று கொள்ளலாம். புத்தகங்களை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்துத்தானே படிக்கின்றோம்? ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு வந்த எளிய தொலைபேசிகளின் மேசை சிறியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் செயலிகளோ பெரிதாகிக்கொண்டே வருகின்றன. சிறிய மேசையிலே பெரிய நூல்கள் இரண்டை ஒருங்கே விரிக்க இடமில்லாமையால், ஒன்றை மூடியே மற்றொன்றைத் திறக்க வேண்டியதாகின்றது. பயன்படாத செயலிகளை அறவே நீக்குதலும், சில நிறுவனங்கள் சிறிய கருவிகளுக்கென்றே வெளியிடும் 'லைற்' என்னும் இலேசான செயலிகளை வைத்துக்கொள்ளுதலும் இதற்குப் பரிகாரமாம். வாரம் ஒருமுறை தொலைபேசியை முற்றாக நிறுத்தி மீண்டும் இயக்குதலும் பயன்தரும். ஆனால், திறந்த செயலிகளை நொடிக்கொரு தரம் தள்ளி மூடிக்கொண்டிருப்பது பயன் தராது. மூடியதை மறுபடி அலுமாரியிலிருந்து எடுப்பதற்கே வேலையும் மின்னும் செலவாகும்.

இம்மூன்றும் செய்த பின்னரும் தளர்ச்சி தீராதாயின், எஞ்சியிருப்பது மின்கலம். மக்கள் வழக்கிற் பற்றரி என்பர். இதனைக் குறித்து விரிவாகக் கூறுதல் அவசியமாகின்றது. ஏனெனில், பெரும்பாலும் நோய் இங்கிருக்கக் குற்றம் கருவி முழுவதின்மீதும் சுமத்தப்படுகின்றது.

கைத்தொலைபேசியில் உள்ளது இலிதியம் அயன் மின்கலம். இதனை ஆக்கிய பெருமை பலருக்கு உரியது. தான்லி விற்றிங்காம் 1970களில் அடிகோலினார். யோன் குடினவு 1980இலே கோபாற்று ஒட்சைட்டைப் பயன்படுத்தி அதன் ஆற்றலைப் பெருக்கினார். அக்கிரா யொசினோ 1985இலே தீங்கு குறைந்த முறையில் அதனை அமைத்துக் காட்டினார். 1991இலே சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. முதல் மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினவுக்கு வயது 97. நோபெல் பரிசு பெற்றோருள் அவரினும் வயது மூத்தவர் எவரும் இலர். மூப்படையும் பொருளை ஆக்கியவர் மூப்பிலே பரிசு பெற்றது ஒரு விநோதமே.

இம்மின்கலம் வேலை செய்யும் விதம் வருமாறு. அதன் ஒரு புறத்திலே கோபாற்று முதலிய உலோகங்களின் ஒட்சைட்டும், மறுபுறத்திலே பென்சிற்கரியாகிய காரீயமும் உள்ளன. இடையே மின்பகுதிரவம் உள்ளது. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் உலோகப் புறத்திலிருந்து புறப்பட்டுக் கரியின் அடுக்குகளுக்கிடையே சென்று தங்குகின்றன. நாம் தொலைபேசியைப் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே மீளுகின்றன. அக்கரையும் இக்கரையுமாகச் சென்று மீளும் ஓடத்தை ஒத்தது இது. ஆனால், ஒவ்வொரு பயணத்திலும் சிற்சில அயன்கள் திரவத்தோடு வினைபுரிந்து கரியின் மேலே மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. அப்படிந்தவை பின்னர் ஓடமேறுவதில்லை. காலம் செல்லச் செல்லப் படலம் தடிக்கின்றது. பயணம் செய்யும் அயன்களின் தொகை குறைகின்றது. மின்கலத்தின் மூப்பு என்பது இதுவே. வெப்பமும், எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் இருத்தலும் இவ்வினையை விரைவுபடுத்துவன.

இம்மூப்பினால் இரண்டு கேடுகள் விளைகின்றன. ஒன்று, கொள்ளளவு குறைதல். காலையில் ஏற்றியது மாலைவரை நில்லாது. இதனை யாவரும் அறிவர். மற்றொன்று, மின்கலத்தின் உட்தடை கூடுதல். இதனை அறிந்தவர் சிலர். நீர்த்தொட்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். தொட்டியிற் பாதிக்குமேல் நீர் இருக்கின்றது. ஆனால், குழாயின் வாய் உப்புப் படிந்து குறுகிவிட்டது. சிறு செம்பில் நீர் பிடிக்கும்வரை குறை தெரியாது. பெரிய வாளியை வைத்து ஒரே தடவையில் நிரப்ப முயன்றாலோ நீர் போதாது. அவ்வாறே, மூத்த மின்கலமுள்ள தொலைபேசியிலே படக்கருவியைத் திறந்தவுடன், அல்லது காணொளி ஒன்றைத் தொடங்கியவுடன், வேண்டிய மின் வேண்டிய விசையோடு வராமையால் வோல்ற்றளவு திடீரென்று வீழ்கின்றது. வழக்கமாக 3.7 அல்லது 3.8 வோல்ற்றில் இயங்கும் மின்கலம், கருவி தாங்கும் எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகின்றது. திரையில் 30 வீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அணைந்துபோவது இதனாலேதான்.

அணைந்துபோவதற்கும் வேகங்குன்றுவதற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். அத்தொடர்பை உலகம் அறிந்தது 2017ஆம் ஆண்டிலே. அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 6 வகைத் தொலைபேசிகள் பல, மின்னேற்றம் எஞ்சியிருக்கவே அணைந்துபோகின்றன என்ற முறைப்பாடு 2016இல் எழுந்தது. 2017 சனவரியில் அந்நிறுவனம் வெளியிட்ட மென்பொருளிலே, மின்கலம் மூத்த கருவிகளின் வேகத்தைத் தானே குறைக்கும் ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டிருந்தது. சிறிய வாளியாகக் கேட்டால் நீர் தடைப்படாதல்லவா? ஆனால், இவ்வேற்பாடு பயனாளருக்குத் தெளிவாக அறிவிக்கப்படவில்லை. ஆண்டின் இறுதியிலே ஒருவர், மின்கலத்தை மாற்றியவுடன் தமது பழைய தொலைபேசி மீண்டும் பழைய வேகத்தைப் பெற்றதைக் கண்டு வெளியிட்டார். வேகத்தை அளக்கும் மென்பொருளை ஆக்கிய ரொறன்ரோ நகரத்து யோன் பூல் என்பார், பல தொலைபேசிகளின் அளவீடுகளை ஒப்பிட்டு டிசெம்பர் 18இல் அதனை உறுதிப்படுத்தினார். டிசெம்பர் 20இல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 28இல் மன்னிப்புக் கோரி, 79 டொலராக இருந்த மின்கல மாற்றுக் கட்டணத்தை 29 டொலராகக் குறைத்தது. 2020 பெப்புருவரியில் பிரான்சிலே 25 மில்லியன் யூரோ தண்டம் செலுத்த நேர்ந்தது. அமெரிக்காவிலே 500 மில்லியன் டொலர்வரை வழங்க அந்நிறுவனம் இணங்கிற்று. இத்தாலியிலோ 2018 ஒக்டோபரிலேயே, மென்பொருளைப் புதுப்பித்தபின் பழைய கருவிகள் தளர்ந்தமைபற்றி அப்பிளோடு சம்சுங் நிறுவனத்துக்கும் தண்டம் விதிக்கப்பட்டது.

இவ்வழக்குகளின் நியாய அநியாயங்களைச் சட்டம் கற்ற அன்பர்களுக்கு விட்டுவிடுவாம். நாம் இவற்றிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. பழைய கருவியின் மூளை தளராமல் இருக்கவும், அதற்கு உணவூட்டும் மின்கலம் தளர்ந்தமையால் அக்கருவி மெதுவாக நடத்தல் கூடும். எல்லா நிறுவனத்தின் தொலைபேசிகளும் இவ்வாறு வேகத்தைக் குறைப்பன அல்ல. எனினும், அணைந்துபோதலும் சூடேறுதலும் எல்லாவற்றிற்கும் பொதுவே. மின்கலம் என்பது விளக்கின் திரியையொத்த தேய்பொருள். திரி கருகியதற்காக விளக்கை வீசுவாருண்டோ?

மின்கலம் மூத்துவிட்டதா என்று அறியும் வழிகள் சில உள. ஐபோனிலே அமைப்புகளின் மின்கலப் பகுதியில் அதன் நலம் நூற்றுவீதமாகக் காட்டப்படும். அது 80க்குக் கீழே இறங்குமாயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஐபோன் 14 வரையுள்ளவற்றின் மின்கலம் 500 முழுச் சுற்றுகளுக்குப்பின் 80 வீதத்தைக் காக்குமாறு அமைக்கப்பட்டதென்று அந்நிறுவனமே கூறுகின்றது. சுற்று என்பது, பல தடவையாகச் செலவிட்டாலும் மொத்தம் நூறுவீதம் செலவாதல். நாள்தோறும் ஒரு சுற்றுச் செலவிடுவோர்க்கு 500 சுற்று ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். அண்ட்ரொயிட் வகையிற் சில, நலத்தைத் தாமே காட்டும், பல காட்டா. அவற்றிலே திரையின் எண்ணைக் கவனித்தல் வேண்டும். 60, 59, 58 என்று படிப்படியாக இறங்காமல் 45இலிருந்து 20க்குத் தாவுமாயின், அல்லது மின்னேற்றியோடு இணைத்திருக்கும்போது நலமாக ஓடி, கழற்றியவுடன் தளருமாயின், மின்கலத்தின் மீது ஐயம் கொள்ளலாம்.

ஆயினும், மின்கலத்தைக் குற்றவாளியாக்குமுன், சாஜர் எனப்படும் மின்னேற்றியையும் அதன் வயரையும் விசாரித்தல் நியாயம். வேறொரு நல்ல வயரை மாட்டிப் பார்த்தாற் பல வேளை அதுவே குற்றவாளி என்று தெரியவரும். கடற்கரை ஊர்களிலே மற்றொரு காரணமும் உண்டு. மின்னேற்றும் துளையினுள்ளே சட்டைப்பையின் பஞ்சும் மணலும் சேர்ந்து இறுகிவிடுதலால் வயர் சரிவரப் பொருந்தாது போகின்றது. தொலைபேசியை முற்றாக நிறுத்திவிட்டு, உலர்ந்த மென்மையான தூரிகையாலோ மெல்லிய மரச்சிராயாலோ மெதுவாக அகற்றலாம். ஊசியோ கம்பியோ கொண்டு குத்துதல் ஆகாது.

மின்கலத்தை மாற்றுவதென்று துணிந்தால், அக்கருவியின் மாதிரிக்கே உரிய, நம்பத்தக்க மின்கலத்தைத் தேர்ந்து, தொழிலறிந்தவரைக் கொண்டு மாற்றுவித்தல் வேண்டும். அதே பருமனுள்ள மின்கலம் ஒன்றின்மேல் இருமடங்கு கொள்ளளவு அச்சிடப்பட்டிருப்பின் அதனை நம்பற்க. இக்காலத்துத் தொலைபேசிகளின் மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், கத்தியால் நெம்பி எடுக்க முயலுதல் தீப்பற்றுவதற்கு வழிசெய்யும். பழைய மின்கலம் பொருமி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டோ திரையை உயர்த்திக்கொண்டோ நிற்குமாயின், அது தளர்ச்சி என்னும் நிலையைக் கடந்து ஆபத்து என்னும் நிலையை எய்திவிட்டது. அதனை அழுத்தாமல், துளைக்காமல், மறுபடி மின்னேற்றாமல், எரியும் பொருள்களுக்கு அப்பால் வைத்து, விரைவிலே தொழிலறிந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். 2016இலே சம்சுங் கலக்சி நோட் 7 என்னும் தொலைபேசிகள் மின்கலக் குறையால் தீப்பற்றியமையும், அந்நிறுவனம் உலகெங்கும் அவற்றைத் திரும்பப் பெற்று உற்பத்தியையே நிறுத்தியமையும் இவ்வாபத்துக்குச் சான்றாம். கழித்த மின்கலத்தைக் குப்பையோடு எரித்தலும், கடலிலோ கிணற்றிலோ எறிதலும் ஒருபோதும் தகாது.

முழுதும் அழித்து மீளத் தொடங்குதல் என்னும் வழி ஒன்றையும் சிலர் முதன் மருந்தாகக் கூறுவர். அது இறுதி மருந்து. காக்க வேண்டியவை யாவும் படியெடுக்கப்பட்ட பின்னரும், கணக்கின் மறைச்சொல் நினைவிலுள்ளது என்று உறுதி செய்த பின்னருமே அதனை நாடலாம். மறைச்சொல் தெரியாது செய்தால், தொலைபேசி தன் உடையவரையே வாயிலில் நிறுத்திவிடுதல் கூடும்.

இனி, வருமுன் காத்தலைச் சுருங்கக் கூறுவாம். மின்கலத்தின் முதற் பகை வெப்பம். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைதல் கூடும். மன்னார் வெயிலிலே படகின் பலகைமேலும், மோட்டார் வண்டியின் கண்ணாடிக்குக் கீழும் தொலைபேசியை வைப்பது, அதன் ஆயுளை வெயிலிற் காயவைப்பதேயாகும். தலையணைக்குக் கீழே வைத்து மின்னேற்றுதலும் ஆகாது. சூடேறினால் தடித்த உறையைக் கழற்றிவிடுக, குளிர்ப்பெட்டியில் வைக்கற்க. முற்றாக வடித்தபின்னரே மின்னேற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் கட்மியம் மின்கலங்களுக்கு உரைத்த விதி; இலிதியத்துக்கு அது தீங்கே. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின் தடைப்பட்டபோது, முற்றாக வடிதலும் கிடைத்தபோது நிரம்ப ஏற்றுதலும் நமக்குப் பழக்கமாயின. இன்று அப்பழக்கம் வேண்டுவதில்லை. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையே வைத்திருத்தல் மின்கலத்திற்கு இதமானது.

எல்லாப் பழைய கருவியையும் என்றென்றும் காக்கலாம் என்று நாம் கூற வரவில்லை. பாதுகாப்புக்குரிய புதுப்பித்தல்கள் நின்றுபோன கருவியில் வங்கி அலுவல்களைச் செய்தல் தகாது. பாடம் படிக்கவும் நூல் வாசிக்கவும் குரற்பதிவு கேட்கவும் அது இன்னும் பயன்படலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலே 2025 யூன் 20 முதல் விற்கப்படும் புதிய தொலைபேசிகளின் மின்கலம் 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 வீதத்தைக் காத்தல் வேண்டுமென்றும், விற்பனை நின்றபின் ஏழாண்டுவரை உதிரிப்பாகங்கள் கிடைத்தல் வேண்டுமென்றும் விதி செய்துள்ளனர். திருத்திப் பயன்படுத்துதல் வறியோரின் இயலாமை என்ற எண்ணம் மாறி, அறிவுடையோரின் கடமை என்ற எண்ணம் உலகிலே வளர்ந்து வருகின்றது.

தாராபுரத்துத் தொலைபேசி என்னாயிற்று என்று அன்பர்கள் கேட்பர். அந்நிழற்படத்தையும் வேறு சிலவற்றையும் முதலில் இரண்டு இடங்களிற் படியெடுத்தோம். குழுக்களின் வழியே வந்து குவிந்தவற்றை நீக்கியவுடனேயே பாதித் தளர்ச்சி தீர்ந்தது. ஆனால், 30 வீதத்தில் அணைந்துபோவது தீரவில்லை. மன்னார் நகரத்திலே தொழிலறிந்த இளைஞர் ஒருவர் மின்கலத்தை மாற்றிக் கொடுத்தார். புதிய தொலைபேசியின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு மிகச் சிறிது. மாணவி அதிலேயே வினாத்தாள்களைப் படித்துப் பரீட்சைக்குத் தோற்றினாள். தாயாரின் காப்பு கையிலேயே இருந்தது.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் நல்ல நிலையிலே வாழ்கின்றனர். அவர்தம் வீட்டு மேசை அறைகளிலே, தளர்ந்துவிட்டது என்று ஒதுக்கிய தொலைபேசிகள் ஒன்றிரண்டு உறங்கிக்கொண்டிருத்தல் கூடும். அவற்றைத் துப்புரவு செய்து, மின்கலம் மூத்திருப்பின் நல்லதொன்றை இடுவித்து, கல்வி பயிலும் ஒரு பிள்ளையின் கையிற் சேர்ப்பிப்பாராயின், அது நமது கல்லூரிக்கும் அவர் ஆற்றும் தொண்டாகும். ஒரு பொருளை வீசுமுன், அது ஏன் தளர்ந்தது என்று ஒருமுறை கேட்போமாக.